கஞ்சி கரையும் வேகம்

காவிரியின் மேற்குக் கரையில் ஈரோடும் கிழக்குக் கரையில் பள்ளிபாளையமும் எதிரெதிராக அமைந்துள்ள இடத்தில், சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள், துணி, காகிதம், சர்க்கரை என்னும் மூன்று பெருந்தொழில்கள் ஒன்றையொன்று ஒட்டி நடக்கின்றன. விசைத்தறிகளும் அவற்றுக்குப் பாவு தயாரிக்கும் சைசிங் ஆலைகளும், நெய்த துணியை வெளுத்துச் சாயமேற்றும் பட்டறைகளும் ஊர் முழுக்கப் பரவியிருக்க, 1960-இல் தொடங்கப்பட்ட சேஷசாயி காகித அட்டை நிறுவனம் ஆற்றங்கரையில் காகிதம் செய்கிறது. அதன் அருகில் ஓடப்பள்ளியில் பொன்னி சர்க்கரை ஆலை கரும்பை அரைக்கிறது. சாறு எடுத்தபின் எஞ்சும் சக்கை காகிதத்துக்கு மூலப்பொருளாகிறது. தொழிலாளருக்கும் வணிகருக்கும் இவை மூன்று தனித்தனித் தொழில்கள். வேதியியலில் இவை குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரை மூலக்கூறு மூன்று விதமாக இணைந்ததன் விளைவுகள். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் பீட்டா இணைப்பு எனப்படும் முறையில் கோக்கப்பட்டால் அது செல்லுலோஸ். பருத்தி நூலும் காகிதமும் அதனாலானவை. அதே மூலக்கூறுகள் ஆல்ஃபா இணைப்பில் கோக்கப்பட்டால் அது மாவுச்சத்து. தறிக்குப் போகும் பாவுக்கு இடும் கஞ்சி அதுவே. ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் இணைந்தால் அது சுக்ரோஸ்; கரும்பின் இனிப்பு அது.

இந்த மூன்றையும் ஆய்ந்த வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் அன்செல்ம் பாயென் என்னும் பிரெஞ்சு வேதியியலர். பாரிசுக்கு அருகில் பீட்ரூட் சர்க்கரை ஆலையை நடத்திய இவர், 1833-இல் பெர்சோ என்பவருடன் சேர்ந்து, முளைகட்டிய பார்லியின் சாற்றில் சாராயத்தை ஊற்றிப் படியவைத்த வெண்பொடி, தன் எடையைப்போல் பன்மடங்கு மாவுச்சத்தைக் கரைத்துச் சர்க்கரையாக்குவதைக் கண்டார். கொதிக்கவைத்தால் அப்பொடி அத்திறனை இழப்பதையும் இருவரும் குறித்தனர். டயஸ்டேஸ் என்று பெயர் பெற்ற அப்பொடிதான் உயிருள்ள பொருளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட முதல் நொதி. 1838-இல் பாயென் தாவரச் செல்சுவரின் பொருளைத் தனித்தறிந்து செல்லுலோஸ் என்று பெயரிட்டார். பெர்சோ 1846-இல் துணிகளில் அச்சிடும் கலையைப் பற்றி ஒரு பெருநூலை வெளியிட்டார். சர்க்கரை, மாவுச்சத்து, செல்லுலோஸ், துணி என்று அவ்விருவரின் உழைப்பு தொட்ட பொருள்கள் அனைத்தும் பள்ளிபாளையத்தில் இன்று அன்றாடப் பிழைப்பாக இருக்கின்றன.

நொதி என்பது உயிரணுக்கள் உண்டாக்கும் புரதம். ஒரு வேதிவினை நடப்பதற்குத் தேவைப்படும் தொடக்க ஆற்றலைக் குறைத்து, தான் செலவாகாமல் அவ்வினையை விரைவுபடுத்துவது அதன் தொழில். அது எந்தப் பொருளின்மேல் வேலை செய்கிறதோ அதற்குத் தளப்பொருள் என்றும், அப்பொருள் வந்து பொருந்தும் குழிவுக்குச் செயல்மையம் என்றும் பெயர். நொதி இல்லாவிட்டால் இந்த இணைப்புகள் எவ்வளவு உறுதியானவை என்பதை அமெரிக்க வேதியியலர் ரிச்சர்ட் வுல்ஃபெண்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் அளந்து காட்டியுள்ளனர்: அறைவெப்பத்தில் நடுநிலை நீரில் விடப்பட்ட சுக்ரோஸில் பாதி தானாகப் பிளவதற்குப் பல நூறு ஆண்டுகளும், செல்லுலோஸ் போன்றவற்றின் இணைப்புகளில் பாதி அறுவதற்குப் பல லட்சம் ஆண்டுகளும் ஆகும். அத்தகைய வினை சாயப்பட்டறையின் தொட்டியில் ஒரு மணி நேரத்தில் முடிகிறது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் நொதிக்குள் எழுதிவைக்கப்பட்ட எண் அன்று; சூடு, நீர், அமிலத்தன்மை, துணியில் ஏறியிருக்கும் பிற பொருள்கள், வினைக்குத் தரப்படும் அவகாசம் ஆகிய அனைத்தும் கூடித் தீர்மானிக்கும் எண் அது. பள்ளிக்கூடப் பாடநூல் இவற்றைத் தனித்தனி வரைபடங்களாக, ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்சியோடு தருகிறது; தேர்வுக்கு அது போதும், தொட்டியருகே நிற்பவருக்குப் போதாது. ஒரு தொழில் நொதியை விரட்டுவதற்கும், அடுத்த தொழில் நொதியை அடக்குவதற்கும் பாடுபடுகிற இந்த ஊர், அப்பாடத்தை முழுமையாகக் கற்பதற்கு ஏற்ற இடம்.

தறியில் நீளவாட்டில் செல்லும் பாவு இழைகள் ஒவ்வொரு ஊடை வீச்சின்போதும் விழுதுகளிலும் பண்ணையிலும் உராய்ந்து, இழுபட்டுத் தளர்கின்றன. விசைத்தறியின் வேகத்தில் கஞ்சியிடாத பருத்தி நூல் பிசிறெழுந்து அறுந்துவிடும். ஆகவே பாவு நூல் சைசிங் ஆலையில் சூடான கஞ்சியில் தோய்ந்து, உருளைகளில் உலர்ந்து, பீமில் சுற்றப்பட்டுத் தறிக்கு வருகிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் இக்கஞ்சிக்கு வேண்டிய மாவு தொலைவிலிருந்து வரவேண்டியதில்லை. குச்சிக்கிழங்கு என்று ஊரார் சொல்லும் மரவள்ளியை அரைத்து ஜவ்வரிசியும் கிழங்குமாவும் எடுக்கும் சேகோ ஆலைகள் 1940-களில் சேலத்தில் தோன்றி இப்பகுதியெங்கும் பெருகியவை. நெய்யும்வரை நூலைக் காத்த அந்தக் கஞ்சி, நெய்து முடிந்தபின் தடையாகிவிடுகிறது. அது துணியில் இருக்கும்வரை காரமும் வெளுப்பானும் சாயமும் இழைக்குள் சீராக இறங்கா. எங்கே கஞ்சி திட்டாக நின்றதோ அங்கே சாயமும் திட்டாக நிற்கும்.

கஞ்சியை எடுக்கப் பழைய வழிகள் இருந்தன. துணியை நீரில் ஊறப்போட்டுத் தானாகப் புளிக்கவிடுவது ஒன்று. அங்கும் வேலை செய்தவை நுண்ணுயிரிகளின் நொதிகளே, ஆனால் எந்த நுண்ணுயிரி எப்போது பெருகும் என்பது எவர் கையிலும் இல்லாததால், சில நேரம் கஞ்சியோடு துணியும் இற்றது. நீர்த்த அமிலத்தில் தோய்ப்பது மற்றொன்று. அமிலம் ஆல்ஃபா இணைப்பையும் பீட்டா இணைப்பையும் வேறுபடுத்தி அறியாது, கஞ்சியை அறுத்த கையோடு பருத்தியையும் அறுக்கும். அமைலேஸ் என்னும் நொதியோ ஆல்ஃபா இணைப்பை மட்டுமே தொடும். அதன் செயல்மையத்தின் வடிவில் செல்லுலோஸின் நேரான சங்கிலி பொருந்துவதில்லை. இரண்டும் குளுக்கோஸ்தான், இரண்டும் ஒரே துணியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடக்கின்றன, எனினும் ஒன்று கரைந்து மற்றொன்று நூலாகவே நிற்கிறது என்பது, எத்தனை முறை எண்ணினாலும் வியப்புக் குறையாத செய்தி. 1917-இல் போய்டின், எஃப்ரோன் என்னும் இருவர் பேசில்லஸ் வகைப் பாக்டீரியாவிலிருந்து அமைலேஸ் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றபின், முளைகட்டிய தானியத்தின் நொதியைவிடச் சூடு தாங்கும் நொதி துணித்தொழிலுக்குக் கிடைத்தது.

அந்தச் சூட்டைப் பற்றித்தான் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. வெப்பநிலை உயர உயர மூலக்கூறுகள் விரைந்து இயங்கி, ஆற்றல் மிகுந்து மோதிக்கொள்வதால், பத்து டிகிரி உயர்வுக்கு வினையின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் நொதியும் ஒரு மூலக்கூறே. அதன் மடிப்புகளைப் பிடித்துவைத்திருக்கும் மெல்லிய பிணைப்புகள் சூட்டில் தளர்ந்து, செயல்மையம் உருக்குலைந்து, வேலையற்ற புரதமாகிப்போகும். இயல்பிழத்தல் எனப்படும் இந்தச் சிதைவும் ஒரு வேதிவினைதான், அதற்கும் ஒரு வேகம் உண்டு, அந்த வேகம் வெப்பத்தோடு இருமடங்கு அல்ல, பன்மடங்கு செங்குத்தாக ஏறும். ஆகவே தொட்டிக்குள் இரண்டு வேகங்கள் போட்டியிடுகின்றன: கஞ்சி அறுபடும் வேகம் ஒன்று, அறுக்கும் நொதியே அழியும் வேகம் மற்றொன்று. பாடநூல் காட்டும் உகந்த வெப்பநிலை என்னும் உச்சி, இந்த இரண்டும் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் சமன்பட்ட புள்ளியே அன்றி நொதியின் நிலையான குணம் அன்று. ஐந்து நிமிடத்தில் வேலை முடிய வேண்டுமென்றால் உச்சி உயர்ந்த வெப்பநிலையில் விழும். பத்து மணி நேர அவகாசம் இருந்தால் அதே நொதிக்கு உச்சி வெகுவாகக் கீழிறங்கும்.

சாயப்பட்டறையின் நடைமுறை இதனை எவரும் சொல்லித் தராமலே கைக்கொண்டிருக்கிறது. ஜிக்கர் என்னும் உருளை இயந்திரத்தில் துணி முன்னும் பின்னுமாக ஓடும்போது, நீரை 60 முதல் 75 டிகிரி வரை சூடாக்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் கஞ்சி எடுப்பது ஒரு முறை. துணியை நொதிக்கரைசலில் தோய்த்துப் பிழிந்து, சுருளாகச் சுற்றி, ஈரம் உலராமல் பாலித்தீன் தாளால் மூடி, சூடேற்றாமல் இரவு முழுவதும் வைத்திருப்பது இன்னொரு முறை. முதலாவதில் விறகும் நிலக்கரியும் செலவு, இரண்டாவதில் இடமும் நேரமும் செலவு; வந்தடையும் இடம் ஒன்றே. பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் என்னும் பாக்டீரியாவின் அமைலேஸ் கொதிநிலையை ஒட்டிய சூட்டையும் தாங்குவதால், தொடர்ச்சியாக ஓடும் பெரிய இயந்திரங்களில் வேலை நிமிடங்களில் முடிகிறது. சூட்டுக்கு இன்னொரு பங்கும் உண்டு: துணியில் காய்ந்து படலமாகிவிட்ட கஞ்சி, நீர் குடித்து உப்பி நெகிழ்ந்தால்தான் நொதியின் பெரிய மூலக்கூறு உள்ளே நுழைய முடியும். நொதிக்கு எந்த வெப்பநிலை பிடிக்கும் என்பதோடு தளப்பொருள் எந்த வெப்பநிலையில் தன்னைத் திறந்து கொடுக்கும் என்பதும் கேள்வியாகிறது. வரைபடங்கள் இரண்டாவதைக் காட்டுவதில்லை.

நீரின் தன்மை அடுத்தது. பேசில்லஸ் அமைலேஸ் தன் மடிப்புக்குள் கால்சியம் அயனியைப் பிடித்து வைத்திருக்கிறது; அந்த அயனி இருக்கும்வரை மடிப்பு சூட்டுக்கு ஈடுகொடுக்கும், அது பிரிந்துவிட்டால் அதே நொதி மிகக் குறைந்த சூட்டிலேயே தளர்ந்துவிடும். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர், சோப்பை நுரைக்கவிடாமலும் சாயத்தைத் திட்டாக்கியும் பட்டறைக்காரரை வாட்டுவது. ஆயினும் கஞ்சி எடுக்கும் கட்டத்தில் மட்டும் அதிலுள்ள கால்சியம் துணையாகிறது. கடினத்தை நீக்குவதற்கென்று உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருளை முன்கூட்டியே தொட்டியில் இட்டுவிட்டால், நொதி தன் கால்சியத்தையும் பறிகொடுத்து நிற்கும். செம்பு, வெள்ளி, பாதரசம் முதலிய உலோகங்களின் அயனிகள் நேர்மாறானவை; அவை புரதத்தோடு ஒட்டி வேலையைக் கெடுக்கும் தடுப்பான்கள். கஞ்சியில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க முற்காலத்தில் சேர்த்த பொருள்களில் மயில்துத்தமும் ஒன்று. நூலைக் காக்கச் சேர்த்த அந்தச் செம்பு, பின்னால் கஞ்சி எடுக்க வரும் நொதிக்கு நஞ்சாகும். துணி விரைவில் நனைவதற்குச் சேர்க்கும் சோப்பு வகைப் பொருள்களிலும், எதிர்மின் தன்மையுள்ளவை நொதியைக் குலைக்கும், மின்தன்மையற்றவை குலைக்கா. இவ்வாறு நொதியின் வேகம் அத்தொட்டிக்கு முந்தைய தொட்டிகளின் வரலாற்றையும் சுமந்து வருகிறது.

அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் என்னும் அளவீடு நொதி ஆய்விலிருந்தே பிறந்தது. 1909-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன், நொதிகளின் வேகம் கரைசலிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவைப் பொறுத்து மாறுவதை ஆராயும்போது வகுத்த அளவு அது. ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். செயல்மையத்தில் உள்ள அமினோ அமிலங்களில் எது ஹைட்ரஜன் அயனியை ஏற்றிருக்கிறது, எது இழந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அங்கு வினை நடக்கும். பாக்டீரிய அமைலேஸுக்கு ஆறு முதல் ஏழு வரை உகந்தது. வெளுப்புக் காரம் எஞ்சிய தொட்டியில் அதே நீரைப் பயன்படுத்தினால் கஞ்சி அசையாது.

கஞ்சி போனதா என்பதை அறியும் சோதனை எளிமையும் அழகும் கொண்டது. கழுவிய துணியின் ஓரத்தில் அயோடின் கரைசலில் ஒரு சொட்டு விடப்படுகிறது. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலி சுருள்வடிவில் இருப்பதால், அயோடின் அச்சுருளுக்குள் புகுந்து கருநீலமாகும். சங்கிலி பாதி அறுபட்டிருந்தால் ஊதா, மேலும் குறுகியிருந்தால் செம்பழுப்பு, முற்றிலும் துண்டாகியிருந்தால் அயோடினின் சொந்த மஞ்சளே நிற்கும். ஒரே சுருள் துணியில் நடுப்பகுதி மஞ்சளாகவும் ஓரம் ஊதாவாகவும் இருந்தால், ஓரம் காற்றில் குளிர்ந்து நொதியின் வேகம் அங்கே குறைந்தது என்று பொருள். அனுபவமுள்ளவர் அந்த நிறத்தைப் பார்த்தே இன்னும் எத்தனை ஓட்டம் தேவை என்று சொல்லிவிடுவார்.

நொதியின் அளவைக் கூட்டினால் வேகமும் அதே விகிதத்தில் கூடும் என்பதில் சிக்கல் இல்லை. தளப்பொருளின் அளவைக் கூட்டினால் அப்படிக் கூடுவதில்லை என்பதே ஆய்வாளரை நெடுங்காலம் குழப்பியது. அரைவைக் காலத்தில் சர்க்கரை ஆலையின் வாசலில் கரும்பு டிராக்டர்கள் பத்து நின்றாலும் நூறு நின்றாலும் ஆலை ஒரு மணிக்கு அரைக்கும் டன் அவ்வளவேதான்; வண்டிகள் குறைவாக வரும்போது மட்டுமே அரைவை வரத்தைப் பொறுத்திருக்கும். நொதியும் அவ்வாறே, செயல்மையங்கள் எல்லாம் நிரம்பிவிட்டால் உச்ச வேகத்தை அடைந்து, மேற்கொண்டு வரும் தளப்பொருளைக் காத்திருக்கவைக்கிறது. இதனைக் கணக்காக நிறுவியவர்கள் லியோனர் மிக்கேலிசும், கனடாவிலிருந்து பெர்லினுக்குச் சென்று அவருடன் ஆய்ந்த மாட் மென்டன் என்னும் பெண் மருத்துவரும், ஆண்டு 1913. அவர்கள் எடுத்துக்கொண்ட நொதி சுக்ரோஸைப் பிளக்கும் இன்வர்டேஸ், பயன்படுத்திய கருவி போலாரிமீட்டர். ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் சுக்ரோஸ் கரைசல் வலப்புறம் திருப்பும்; அது பிளந்து குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் கலவையானதும் ஒளி இடப்புறம் திரும்பும்; இந்தத் திருப்பம் எவ்வளவு விரைவில் நடக்கிறது என்பதே வினையின் வேகம். அமிலத்தன்மையை மாறாமல் வைத்து, வினையின் தொடக்க வேகத்தை மட்டும் கொண்டு, உச்ச வேகத்தில் பாதியை அடைய எவ்வளவு சுக்ரோஸ் தேவை என்று அவர்கள் கணித்தனர்; அது லிட்டருக்கு 0.0167 மோல், அதாவது ஏறத்தாழ 6 கிராம். மிக்கேலிஸ் மாறிலி என்று வழங்கும் இந்த எண், ஒரு நொதி எவ்வளவு குறைந்த தளப்பொருளிலும் சுறுசுறுப்பாக இயங்கும் என்பதைக் காட்டுகிறது.

அதே போலாரிமீட்டர் சர்க்கரை ஆலையின் ஆய்வகத்தில் நாள்தோறும் பயன்படுவது. சாற்றில் சுக்ரோஸ் எவ்வளவு என்பதை ஒளி திரும்பும் கோணத்தைக் கொண்டே வேதியியலர் கணிக்கிறார். ஆனால் பெர்லின் ஆய்வகத்தில் விரும்பி நடத்தப்பட்ட வினை, கரும்பு முற்றத்தில் எவரும் விரும்பாத வினை. முற்றிய கரும்பில் அடங்கியிருக்கும் இன்வர்டேஸ், கரும்பு வெட்டப்பட்டதும் பெருகத் தொடங்குகிறது. வேரிலிருந்து நீர் வருவது நின்று, தண்டு உலர்ந்து, வெயிலில் சூடேறும்போது அது சேர்த்துவைத்த சுக்ரோஸைப் பிளந்து, படிகமாகாத சர்க்கரைகளாக்கிவிடும். கரும்புச் சாற்றில் லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சுக்ரோஸ் உண்டு. மிக்கேலிஸ், மென்டன் கண்ட எண்ணோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு அதிகம். ஆகவே இந்த நொதி எப்போதும் உச்ச வேகத்தை ஒட்டியே இயங்கும்; சர்க்கரை குறையக் குறைய இழப்பும் தணியும் என்று நம்பியிருக்க வழியில்லை. கட்டுப்படுத்தக்கூடியவை சூடும் நேரமும் மட்டுமே. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைக்க வேண்டும் என்று ஆலைகள் வலியுறுத்துவதும், வெட்டிய கரும்பைச் சோகையால் மூடி நீர் தெளிக்கச் சொல்வதும் இந்தக் காரணத்தால்தான். வெட்டு உத்தரவு கைக்கு வரும் நாளும், வெட்டாட்கள் கிடைக்கும் நாளும், வண்டி கிடைக்கும் நாளும் ஒத்துப்போகாதபோது, வயலில் கிடக்கும் கரும்பின் எடையும் இனிப்பும் உழவரின் கணக்கிலிருந்தே குறைகின்றன. வேதிவினையின் வேகம் ஒரு குடும்பத்தின் வருமானத்தில் இவ்வளவு நேராகத் தெரிகிற இடம் வேறு அதிகமில்லை.

வெட்டுமுனையில் இன்னொரு நொதியும் சேர்ந்துகொள்கிறது. லூக்கோனோஸ்டாக் என்னும் பாக்டீரியா அங்கே குடியேறி, டெக்ஸ்ட்ரான்சுக்ரேஸ் என்னும் நொதியால் சுக்ரோஸின் குளுக்கோஸைப் பிய்த்து டெக்ஸ்ட்ரான் என்னும் பசைச் சங்கிலியாக்குகிறது. அந்தப் பசை சாற்றைக் கொழகொழப்பாக்கி, படிகங்களை ஊசிபோல் நீளச்செய்து, வடிகட்டலைத் தாமதப்படுத்தும். அதைவிடப் பொல்லாதது, டெக்ஸ்ட்ரான் ஒளியைச் சுக்ரோஸைவிட வலுவாக வலப்புறம் திருப்புவதால், கெட்ட சாறு போலாரிமீட்டரில் நல்ல சாறாகத் தோன்றும். ஆலைக்குள் சாறு வந்ததும் அதைச் சூடேற்றிச் சுண்ணாம்பு சேர்ப்பது இரண்டு வேலைகளைச் செய்கிறது: சூடு நொதிகளை அழிக்கிறது, சுண்ணாம்பு அமிலத்தைப் போக்குவதால் நொதியில்லாமலேயே சூட்டில் அமிலம் சுக்ரோஸைப் பிளக்கும் ஆபத்தும் நீங்குகிறது. வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளில் கொப்பரையில் சுண்ணாம்பு விடும் வழக்கமும் இதே அறிவுதான்.

மரவள்ளிக்கு மீண்டும் வந்தால், நொதியின் வேகத்தைத் தீர்மானிக்கும் எல்லாவற்றுக்கும் முந்தைய ஒன்று தெரியவரும்: நொதியும் தளப்பொருளும் சந்திக்க வேண்டும். கிழங்கிலும் இலையிலும் லினமாரின் என்னும் பொருள் உயிரணுவின் உட்பையிலும், அதைப் பிளக்கும் லினமாரேஸ் என்னும் நொதி செல்சுவரிலும் பிரிந்து இருக்கின்றன. செடி நலமாக இருக்கும்வரை இந்த வினையின் வேகம் சுழியம். கடித்தாலோ நசுக்கினாலோ துருவினாலோ சுவர் உடைந்து இரண்டும் கலந்து, இறுதியில் ஹைட்ரஜன் சயனைடு என்னும் நஞ்சு வெளிப்படும். மரவள்ளித் தழையை மேய்ந்த ஆடு மாடுகள் இறப்பது இதனால்தான். திருவனந்தபுரத்திலுள்ள மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971-இல் வெளியிட்ட எச்-226 போன்ற ஆலை ரகங்களில் இந்தக் கசப்புப் பொருள் கூடுதல். சேகோ ஆலையில் கிழங்கைத் தோலுரித்துத் துருவும்போது நொதி முழுமையாகத் தளப்பொருளைச் சந்திப்பதாலும், நிறைய நீரில் மாவைக் கழுவிப் படியவைப்பதாலும் நஞ்சு நீங்கிவிடுகிறது. வீட்டுச் சமையலில் பெரிய துண்டுகளை நேரே கொதிநீரில் போடுவதோ வேறுவிதம்: சூடு நொதியைச் சில நிமிடங்களில் அழித்துவிட, சூடு தாங்கும் லினமாரின் பெரும்பகுதி துண்டுக்குள்ளேயே தங்கிவிடும். சிறு துண்டுகளாக நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்த நீரை வடித்துக் கொட்டும் பழக்கத்தை மூத்த பெண்கள் விடாமல் கைக்கொள்வது, நொதி வேலை செய்ய அவகாசமும் நஞ்சு வெளியேற வழியும் தருகிற செயல். கசப்பு ரகமென்றால் அதைச் சுருக்கக்கூடாது.

காகித ஆலைகளில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காகிதத்தின் மேற்பரப்பில் மை பரவாதிருக்க மாவுச்சத்துப் பூச்சு தரப்படுகிறது. முழு நீளச் சங்கிலிகளோடு கூடிய கஞ்சி மிகக் கெட்டியாக இருப்பதால், அமைலேஸால் அதைப் பாதியளவு அறுத்து, வேண்டிய இளக்கம் வந்த கணத்தில் சூட்டை உயர்த்தி நொதியை அழித்துவிடுவார்கள். விரட்டுவதும் நிறுத்துவதும் ஒரே பாத்திரத்தில், சில நிமிட இடைவெளியில் நிகழும் இடம் அது.

கஞ்சி துணியை விட்டுப் போகிறதே தவிர உலகை விட்டுப் போவதில்லை. சங்கிலி துண்டாகிக் கரைந்த குளுக்கோஸும் மால்டோஸும் கழிவுநீரில் சேர்கின்றன. துணி பதப்படுத்தும் கட்டங்களில் வெளியாகும் கரிமக் கழிவில் கஞ்சி எடுத்த நீரின் பங்கே பெரும்பங்கு. அமிலத்துக்குப் பதில் நொதி என்பது துணிக்கும் தொழிலாளரின் கைக்கும் நன்மை. ஆற்றுக்கு அதனால் சுமை குறைந்துவிடவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சிறு துண்டுகளாக ஏற்கெனவே அறுபட்டு வரும் சர்க்கரையை ஆற்றிலுள்ள பாக்டீரியாக்கள் முழுக் கஞ்சியைவிட விரைவாக உட்கொள்ளும். உட்கொள்ளும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். அந்தச் சுவாசமும் நொதிகளின் தொடர்ச்சங்கிலிதான். அவ்வாறு செலவாகும் ஆக்ஸிஜனின் அளவே உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை, சுருக்கமாக பி.ஓ.டி.

இந்த அளவீட்டின் வரலாறே நொதியின் வேகத்தைப் பற்றிய ஒரு பாடம். பிரிட்டனின் கழிவுநீர் அரச ஆணையம் 1912-இல் வெளியிட்ட எட்டாம் அறிக்கையில், நீரைக் குப்பியில் அடைத்து ஐந்து நாள் வைத்திருந்து, குறைந்த ஆக்ஸிஜனை அளக்கும் முறையை வகுத்தது. வெப்பநிலை 65 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 18 டிகிரி செல்சியஸ். அத்தீவின் ஆறுகள் ஐந்து நாளுக்குள் கடலைச் சேர்ந்துவிடும் என்பதும், அங்குள்ள கோடைநீர் அவ்வளவுதான் சூடாகும் என்பதும் அந்த எண்களுக்குப் பின்னிருந்த காரணங்கள். பின்னர் 20 டிகிரி, ஐந்து நாள் என்பது உலக வழக்கானது. இந்தியத் தரநிலை அதை 27 டிகிரி, மூன்று நாள் என்று மாற்றிக்கொண்டது. ஏழு டிகிரி கூடுதல் சூட்டில் பாக்டீரியாவின் நொதிகள் அதே வேலையை மூன்று நாளில் ஏறத்தாழ முடித்துவிடுகின்றன. 300 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பிகளில், காற்றுக்குமிழ் ஒன்றும் இல்லாமல் நிரப்பி, பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்ஸிஜனைக் கூட்டிவிடாதிருக்க இருட்டில் வைக்கப்படும் அந்த நீர், சட்டத்தின் முன் ஆற்றின் பிரதிநிதி.

ஆனால் ஆறு 27 டிகிரியில் இருட்டில் அடைபட்டிருப்பதில்லை. மேட்டூர் அணையின் பாசனத் திறப்பு வழக்கப்படி ஜூன் 12-இல் தொடங்கி ஜனவரி 28-இல் முடிகிறது; அதன்பின் கோடை முழுவதும் பள்ளிபாளையத்தைக் கடக்கும் காவிரியில் நீர் குறைவு. மேட்டூருக்குக் கீழே மின்னாக்கத்துக்காகக் கட்டிய கதவணைகள் அந்தக் குறைந்த நீரையும் தேக்கி மெதுவாக்குகின்றன. கழிவு நீர்த்துப்போக வழியில்லாததால் தளப்பொருளின் செறிவு உயர்கிறது. ஏப்ரல், மே வெயிலில் ஆழமற்ற நீர் சூடேறி வினையின் வேகம் உயர்கிறது. தேங்கி நிற்பதால் வினைக்கு நேரமும் கிடைக்கிறது. அதே வேளையில், 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கரைத்துவைத்திருக்கக்கூடிய நீர், 30 டிகிரியில் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராமுக்கு மேல் வைத்திருக்க முடியாது. செறிவு, வெப்பம், நேரம் என்னும் மூன்றும் ஒரே திசையில் கூட, செலவிட இருப்பதோ குறைகிறது. மீன் செத்து மிதப்பதற்கு நஞ்சு எதுவும் தேவையில்லை, கஞ்சி போதும். ஆற்றில் விடப்படும் கழிவுநீருக்கு இந்தியப் பொது விதிகள் குறித்துள்ள பி.ஓ.டி. வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். அக்டோபரில் கரைநிறைய ஓடும் ஆற்றுக்கும் மே மாதத்தில் கதவணைக்குப் பின்னால் தேங்கிய ஆற்றுக்கும் அது ஒன்றே. துணியின் ஓரம் குளிர்ந்ததைக் கூட ஒரு சொட்டு அயோடினால் கண்டுபிடித்து அதற்கேற்ப ஓட்டத்தைக் கூட்டத் தெரிந்த ஒரு தொழில் நகரில், ஜனவரி 28 முதல் ஜூன் 12 வரையிலான மாதங்களுக்குத் தனியான, இன்னும் இறுக்கமான ஒரு வரம்பை வகுப்பதற்கு வேண்டிய அறிவியல் 1913-லிருந்தே கைவசம் இருக்கிறது.